ரப்பரில் ஒட்டுக் கட்டுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. பலரும் சுற்றிச் சுற்றி ஒரே சொல்லைத்தான் கேட்டிருக்கிறார்கள்: கிராஃப்ட். அதனால் இந்த மாதம் முழுக்க செயற்கை ரப்பரும் அதில் செய்யும் கிராஃப்ட் பாலிமரும்தான்.

*

கேள்வி: ஐயா, பர்கூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். பி.வி.சி. சோல் வந்தால் மட்டும் வேறு கம் கொடுப்பார்கள். "இது கிராஃப்ட் கம், மற்றதோடு கலக்காதே" என்று சூப்பர்வைசர் சொல்லுவார். எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது, வாடையும் ஒன்றுதான். ஒரு தடவை அவசரத்தில் சாதா கம் போட்டு அனுப்பிய ஜோடிகள் இரண்டு மாதத்தில் கழன்று திரும்பி வந்தன. ஒட்டும்போது நன்றாகத்தான் பிடித்தது. என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: நல்ல கேள்வி அம்மா. இதை உங்களுக்குச் சொல்லித் தராமலே வேலை வாங்குவது சரியில்லை.

போச்சம்பள்ளி போகிற வழியில் சந்தூர் மாங்கன்று நர்சரிகளைப் பார்த்திருப்பீர்கள். கொட்டை போட்டு முளைத்த நாட்டுச் செடியின் தண்டைச் சீவி, அதில் செந்தூராவோ அல்போன்சாவோ ஒரு குச்சியை வைத்துக் கட்டுகிறார்கள். வேர் ஒன்று, காய்ப்பது இன்னொன்று. கிராஃப்ட் என்ற சொல்லுக்கு அர்த்தமே அந்த ஒட்டுதான். ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியை அடிமரமாக வைத்துக்கொண்டு, அதன் உடம்பிலிருந்தே வேறொரு பிளாஸ்டிக்கின் சங்கிலியைக் கிளையாக முளைக்க வைத்தால் அது கிராஃப்ட் பாலிமர். மாமரத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாங்கன்றில் மேல் பாகத்தை வெட்டிவிட்டு ஒரே ஒரு குச்சியை வைக்கிறோம். இங்கே அடிமரத்தை வெட்டுவதில்லை, அதன் நீளம் முழுக்க அங்கங்கே கிளை விடுகிறது.

உங்கள் சாதா கம்மில் இருப்பது பாலிகுளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பர். நியோப்ரீன் என்றால் கடைக்காரர்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் கரோதர்ஸ் குழுவினர் 1930ல் கண்டுபிடித்தது, அடுத்த ஆண்டே விற்பனைக்கு அறிவித்தார்கள். தோல், துணி, ரப்பர் சோல் எல்லாவற்றிலும் அது அருமையாக ஒட்டும். பி.வி.சி.யில்தான் பிரச்சினை. பி.வி.சி. இயல்பில் குழாய் மாதிரி விறைப்பான பொருள், சோல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் நிறைய எண்ணெய் கலக்கிறார்கள், டி.ஓ.பி. என்ற எண்ணெய் அதில் பழைய வகை. அந்த எண்ணெய் சோலுக்குள் சும்மா இருப்பதில்லை, நாள்பட நாள்பட வெளியே நகர்ந்து வந்து கம் படலத்துக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். அதனால்தான் ஒட்டும்போது நன்றாகப் பிடித்தது இரண்டு மாதம் கழித்துக் கழன்றது. உங்கள் கைவேலையில் குறை இல்லை.

கிராஃப்ட் கம்மில் அந்த பாலிகுளோரோபிரீன் சங்கிலியின் மேல் எம்.எம்.ஏ. (மெத்தில் மெத்தாக்ரிலேட்) என்ற மூலப்பொருளை வைத்துக் கிளை வளர்த்திருப்பார்கள். எம்.எம்.ஏ. தனியாக வளர்ந்தால் அக்ரிலிக் கண்ணாடி, அதாவது பெயர்ப் பலகை செய்கிற ஷீட். இந்த அக்ரிலிக்குக்கும் பி.வி.சி.க்கும் நல்ல ஒத்துப்போகும் குணம் உண்டு. ஆக, அடிமரமான ரப்பர் வளைந்து கொடுத்து ஷூவின் மேல்பாகமான அப்பர் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, கிளையான அக்ரிலிக் பி.வி.சி. பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, எண்ணெய் வந்தாலும் படலம் சீக்கிரம் இளகுவதில்லை. இதோடு ஒட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஹார்ட்னர் கலப்பீர்களே, அது ஐசோசயனேட். அது சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிடும், கலந்த பிறகு சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கழன்ற ஜோடி இனிமேல் வந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். கம் எந்தப் பக்கம் நிற்கிறது? அப்பரில் முழுசாக நின்று சோல் வழவழவென்று சுத்தமாக இருந்தால் சோல் பக்கம்தான் பிடிக்கவில்லை: தப்பான கம், அல்லது சோலைத் துடைக்கவில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் கிழிந்து நூல் நூலாக இழுத்திருந்தால் படலமே இளகிவிட்டது. சோலோ அப்பரோ பிய்ந்து வந்திருந்தால் ஒட்டு மிக நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் மெஷினில் மாட்டி இழுத்து எண் எடுக்கிறவர்களும் கடைசியில் இதைத்தான் பார்த்து எழுதுகிறார்கள். இன்னொன்று, அந்த வாடை பெரும்பாலும் டொலுயீன். தினமும் எட்டு மணி நேரம் அதை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. தலைவலி, கிறுகிறுப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

*

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன் சார். எஸ்.பி.ஆர். (ஸ்டைரீன் பியூட்டாடையீன்) ரப்பர் 10 கிராமை டொலுயீனில் கரைத்து, எம்.எம்.ஏ. 5 கிராம் சேர்த்து, வினையைத் தொடங்கி வைக்கும் பென்சாயில் பெராக்சைடு போட்டு 80 டிகிரியில் 5 மணி நேரம் வைத்தேன். மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவாக எடுத்துக் காய வைத்தால் 14 கிராம் இருந்தது. 4 கிராம் கூடியிருப்பதால் 40 சதவீதம் கிராஃப்ட் என்று எழுதினேன். கைடு அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், காரணம் சொல்லவில்லை.

பதில்: தம்பி, கைடு அடித்தது நியாயம்தான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே தப்பைச் செய்து ஒரு ரிப்போர்ட்டே கொடுத்தேன், அதை நம்பி ஒரு பேட்ச் போட்டார்கள், முழுக்க வீணானது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடை 4 கிராம் கூடியது என்றால் 5 கிராம் எம்.எம்.ஏ.யில் 4 கிராம் பாலிமர் ஆகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அது 80 சதவீத மாற்றம். அந்த 4 கிராம் எங்கே வளர்ந்தது என்பது வேறு கேள்வி. பெராக்சைடு உடைந்து வரும் ராடிகல், அதாவது எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் துண்டு, ரப்பர் சங்கிலியில் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் அந்த இடத்தில் கிளை முளைக்கும், அது கிராஃப்ட். அதே ராடிகல் நேராக எம்.எம்.ஏ.யோடு சேர்ந்துகொண்டால் ரப்பரைத் தொடாமலே தனியாக ஒரு அக்ரிலிக் சங்கிலி வளரும், அது ஹோமோபாலிமர். இரண்டும் மெத்தனாலில் கரையாது, இரண்டும் ஒன்றாகவே வீழ்படிவாகும், தராசுக்கு வித்தியாசம் தெரியாது. நாட்டுச் செடிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மாங்கொட்டை முளைத்திருந்தால் அதை ஒட்டுக்கன்று என்று யாராவது கணக்கெழுதுவார்களா?

ஆகவே பிரிக்க வேண்டும். கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கழுவும் சாக்ஸ்லெட் கருவி உங்கள் கல்லூரியில் கட்டாயம் இருக்கும். அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும், எஸ்.பி.ஆரைக் கரைக்காது. காய்ந்த மாதிரியைப் பொடிப் பொடியாக நறுக்கி (தடித்த துண்டாகப் போட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது) திம்பிள் என்ற வடிதாள் கூட்டில் வைத்து 24 மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு வெற்றிட அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வையுங்கள். உங்கள் மாதிரியில் 1.40 கிராம் எடுத்தால் அதில் ரப்பர் 1.00, அக்ரிலிக் 0.40. அசிட்டோனுக்குப் பிறகு 1.28 கிராம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம், 0.12 கிராம் கழுவிப் போயிருக்கிறது. அப்படியானால் ஒட்டியிருப்பது 0.28, சரிதானே? இன்னும் சரியில்லை. ரப்பரே கொஞ்சம் அசிட்டோனில் இழக்கும். எம்.எம்.ஏ. சேர்க்காமல் மற்ற எல்லாம் அப்படியே செய்த ஒரு வெறும் மாதிரியையும் கூடவே ஓட்ட வேண்டும். அதில் ஒரு கிராமுக்கு 0.02 போனது என்றால், உண்மையான ஹோமோபாலிமர் 0.10, ஒட்டிய கிளை 0.30. இப்போது எழுதலாம்: ரப்பர் எடையில் கிராஃப்ட் 30 சதவீதம், கிராஃப்ட் திறன், அதாவது உருவான அக்ரிலிக்கில் ஒட்டியது எவ்வளவு என்பது, 0.40க்கு 0.30, 75 சதவீதம். இந்த இரண்டு எண்களும் வேறு வேறு. வைவாவில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதைவிட முன்னால் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. கடையில் வாங்கும் எஸ்.பி.ஆர். 10 கிராமில் ரப்பர் 10 கிராம் கிடையாது. அது சோப்பு நுரையில், எமல்ஷன் முறையில் செய்தது, கொழுப்பு அமிலம், ரோசின் அமிலம் எல்லாம் சேர்ந்து 5, 6 சதவீதம் வரை உள்ளேயே தங்கியிருக்கும், ஆண்டி ஆக்சிடன்ட் வேறு. மெத்தனாலில் ஊற்றும்போது அவை கரைந்து போகும். அப்படிப் போனால் உங்கள் 14 கிராம் கணக்கே அடிவாங்கும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே ரப்பரைக் கரைத்து, வீழ்படிவாக்கி, காய வைத்து, அதற்கப்புறம் 10 கிராம் எடை போடுங்கள். இதே ஆண்டி ஆக்சிடன்ட் ராடிகல்களையும் விழுங்கும் என்பதால், அதை முன்பே நீக்கிவிட்டால் வினையும் ஒழுங்காக நடக்கும். எம்.எம்.ஏ. பாட்டிலிலும் ஹைட்ரோகுயினோன் மாதிரித் தடுப்பான் இருக்கும், 5 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, தண்ணீரில் கழுவி, சோடியம் சல்ஃபேட் போட்டு உலர்த்துங்கள். நைட்ரஜன் விட்டீர்களா என்று எழுதவில்லை. ஆக்சிஜன் கரைந்திருந்தால் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது.

அசிட்டோன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதா என்று எப்படி நம்புவது? இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தனியாக வாங்கிய அக்ரிலிக்கையும் உங்கள் ரப்பரையும் அதே விகிதத்தில் டொலுயீனில் வெறுமனே கலந்து, வினை எதுவும் இல்லாமல் வீழ்படிவாக்கி, அதையும் சாக்ஸ்லெட்டில் போடுங்கள். இதில் ஒட்டு கிடையவே கிடையாது, ஆகவே போட்ட அக்ரிலிக் முழுக்க வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் கழுவல் போதவில்லை, கிராஃப்ட் என்று நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு உள்ளே சிக்கிக்கொண்ட ஹோமோபாலிமர். நேரம் அதிகரிக்க வேண்டும், அல்லது அசிட்டோனில் ஊறவைத்து இரண்டாவது தடவை எடுக்க வேண்டும். இந்த ஒரு மாதிரி இல்லாத கிராஃப்ட் முடிவுகளை நான் நம்புவதில்லை, எந்த ஊரில் எந்தக் கருவியில் எடுத்ததாக இருந்தாலும் சரி.

அப்புறம்தான் ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எல்லாம். கழுவிய மாதிரியில் எடுங்கள், கழுவாததில் எடுத்தால் பயனில்லை. அலை எண் 1730 பக்கம் அக்ரிலிக்கின் கார்பனைல் தெரியும், 967, 910 இரண்டும் பியூட்டாடையீன், 700 ஸ்டைரீன். ஆனால் ரப்பர் காற்றில் கெட்டாலும் 1720 பக்கம் ஒரு மேடு எழும்பும், அதனால் வெறும் மாதிரியின் படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவி கிடைத்தால் 3.6ல் மெத்தாக்சி தனியாக நிற்கும், அதை வைத்து அளவும் எடுக்கலாம், எடைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சூடேற்றி எங்கே இளகுகிறது என்று பார்க்கும் டி.எஸ்.சி.யில் மைனஸ் 50 டிகிரி பக்கம் ஒன்றும் 100க்கு மேலே ஒன்றுமாக இரண்டு மாற்றம் தெரியும். அதை வைத்து மட்டும் கிராஃப்ட் என்று சொல்லாதீர்கள், வெறும் கலவையிலும் அதே இரண்டும்தான் வரும்.

இன்னும் இரண்டு. கழுவிய மாதிரியை டொலுயீனில் ஊறப் போடுங்கள், முழுக்கக் கரைந்தால் நல்லது, ஜெல்லி மாதிரி வீங்கி நின்றால் ரப்பர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பெராக்சைடு அதிகம் அல்லது நேரம் அதிகம். அந்த ஜெல் ஹோமோபாலிமரைச் சிறைபிடித்து வைத்துக்கொண்டு உங்கள் கிராஃப்ட் எண்ணை ஏற்றிக் காட்டும். ஒட்டே வாங்காத ரப்பர் எவ்வளவு என்று கைடு கேட்டால், பெட்ரோலியம் ஈதரில் எடுப்பார்கள், ஆனால் ஒன்றிரண்டு கிளை மட்டும் வாங்கிய சங்கிலியும் அதோடு போய்விடும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெராக்சைடுக்குப் பதில் ஏ.ஐ.பி.என். என்ற வேறொரு தொடக்கியைப் போட்டும் ஒரு தடவை செய்து பாருங்கள். அக்ரிலிக் நன்றாகவே உருவாகும், கிராஃப்ட் மட்டும் குறைந்துவிடும், ஏனென்றால் அதன் ராடிகலுக்கு ரப்பரிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் வலு குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் உங்கள் புராஜெக்டுக்கே ஒரு உயிர் வந்துவிடும்.

*

கேள்வி: அண்ணா, தளியில் செருப்பு, பை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் காலையில் கம் தடவினால் மேலே வெள்ளையாகப் பூத்துப் போகிறது, ஒட்டுவதில்லை. அதே டப்பா மதியம் நன்றாக ஒட்டுகிறது. கம் கலப்படமா?

பதில்: கலப்படம் இல்லை தம்பி, உங்கள் ஊர்ப் பனிதான். கம்மில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும், படலம் சில்லிட்டுப் போகும். தளியில் ஏற்கெனவே குளிர், காற்றில் ஈரம், அந்த ஈரம் படலத்தின் மேல் நீராகப் படிந்துவிடுகிறது. குளிர்ந்த செம்பில் வெளியே வேர்ப்பது போலத்தான். அந்த நீர்ப் படலத்தின் மேல் அழுத்தினால் ரப்பரோடு ரப்பர் சேராது. கொஞ்சம் வெயில் வந்தபின் தடவுங்கள், முடியாவிட்டால் சோலையும் அப்பரையும் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டிவிட்டுத் தடவி, வெள்ளை போய் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்த்து அழுத்துங்கள். கம்மின் பக்கத்தில் நெருப்பு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. ஹார்ட்னர் டப்பாவை இறுக மூடுங்கள், ஈரம் பட்டால் அது தானே கெட்டியாகிவிடும்.

*

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் சின்ன மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். டூவீலர் பேனலுக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் பாகம் அடித்துக் கொடுக்கிறோம். சில பேட்சில் ஸ்க்ரூ போடும் இடம் விரிசல் விடுகிறது. ரப்பர் குறைவான சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இங்கேயே சோதிக்க முடியுமா?

பதில்: ஒரு அளவுக்கு முடியும். ஏ.பி.எஸ். என்பதும் ஒட்டுதான். பாலிபியூட்டாடையீன் ரப்பரை முதலில் பால் மாதிரி, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை அளவுள்ள துகள்களாகச் செய்து, அந்தத் துகளின் மேல் ஸ்டைரீன், அக்ரிலோநைட்ரைல் இரண்டையும் சேர்த்துக் கிளை வளர்ப்பார்கள். கூடவே தனியாக வளர்ந்த பிளாஸ்டிக் சுற்றிலும் நிரப்பியிருக்கும். மேல் கிளை இருப்பதால்தான் ரப்பர் துகள் பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, அடி விழுந்தால் விரிசல் ஓடும் வேகத்தை அந்தத் துகள்கள்தான் உறிஞ்சுகின்றன.

குருணையில் சரியாக ஒரு கிராம் எடுத்து 30 மில்லி அசிட்டோனில் இரவு முழுக்கக் குலுக்கி வையுங்கள். தனிப் பிளாஸ்டிக் கரைந்துவிடும், ஒட்டு வாங்கிய ரப்பர் கரையாமல் பாலாக நிற்கும். அதைப் படிய வைக்க வேகமான சென்ட்ரிஃப்யூஜ் வேண்டும், அதற்குப் பக்கத்துக் கல்லூரியைக் கேளுங்கள். படிந்ததைக் கழுவி, காய வைத்து எடை போட்டால் ரப்பரும் அதன் கிளையும் சேர்ந்த எடை. நல்ல பேட்ச், கெட்ட பேட்ச் இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். கலர் பவுடர், ஃபில்லர் இருந்தால் அதுவும் சேர்ந்து படியும் என்பதால் இயற்கை நிறக் குருணையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில், சரக்கைச் சந்தேகப்படும் முன் உங்கள் பட்டறையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ரீகிரைண்ட், அதாவது அரைத்த பழைய சரக்கு, எவ்வளவு கலக்கிறீர்கள், அது எத்தனையாவது தடவை பேரலில் வேகிறது? பியூட்டாடையீனில் இரட்டைப் பிணைப்பு மிச்சம் இருப்பதால் சூட்டிலும் வெயிலிலும் முதலில் கெடுவது ரப்பர்தான், எடை அப்படியே இருக்கும், ரப்பர் குணம் மட்டும் போயிருக்கும், அசிட்டோன் சோதனையில் இது பிடிபடாது, ஐ.ஆரில் 967 குறைந்து கார்பனைல் ஏறியிருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து, குருணையை 80 டிகிரியில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் உலர்த்துகிறீர்களா? மூன்றாவதாக ஸ்க்ரூ. அதில் எண்ணெய், கிரீஸ், லாக் போடும் திரவம் ஏதாவது இருக்கிறதா? இழுவிசையில் நிற்கும் ஏ.பி.எஸ். மேல் அவை பட்டால் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரிசல் விடும். விரிசல் ஸ்க்ரூ இடத்தில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். உறுதியாக எண் வேண்டுமென்றால் வெட்டுப் போட்ட துண்டை அடித்து உடைத்துப் பார்க்கும் நாட்ச் ஐசாட் சோதனையை, சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

*

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து எழுதுகிறேன். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிப் பிசையும் எக்ஸ்ட்ரூடரில் போட்டுக் கலந்துவிட்டால் போதாதா? ஒட்டு எதற்கு?

பதில்: எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். பெரும்பாலான பாலிமர்கள் ஒன்றோடொன்று சேராது. கலந்தால் ரப்பர் உருண்டைகள் பிளாஸ்டிக்குக்குள் உட்கார்ந்திருக்கும், ஆனால் ஓரத்தில் பிடிப்பு இருக்காது, அடி விழுந்தால் அந்த ஓரம்தான் பிளக்கும். ஒட்டுச் சங்கிலியின் ஒரு பாதி இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம் ஊன்றி நிற்பதால் ஓரம் தைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ரப்பரை ஸ்டைரீனில் கரைத்து அப்படியே பாலிமர் ஆக்கலாம் என்று 1927லேயே ஒஸ்ட்ரொமிஸ்லென்ஸ்கி என்ற ரஷ்ய வேதியியலாளர் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். ஆனால் கலக்காமல் நின்ற நிலையில் வளர்ந்ததால் அது பின்னிய ஜெல்லாகிவிட்டது, வார்க்க முடியவில்லை. வளரும்போதே விடாமல் கலக்கினால் ரப்பர் உடைந்து சின்னத் துகள்களாகிவிடும் என்று பிற்பாடு கண்டுகொண்ட பிறகுதான் ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் தொழிலானது. எக்ஸ்ட்ரூடரிலேயே ஒட்டுக் கட்டுவதும் உண்டு. இ.பி.டி.எம். என்ற இன்னொரு செயற்கை ரப்பரில் பெராக்சைடு போட்டு மலீக் அன்ஹைட்ரைடை ஒரு சதவீதம் அளவுக்கு ஒட்ட வைத்து, அதை நைலானோடு கலந்தால் நைலானின் முனை அதைப் பிடித்துக்கொள்ளும், அப்போது பல மடங்கு அடி தாங்கும்.

*

கேள்வி: போச்சம்பள்ளி அருகே எங்கள் நிலத்தில் ஒரு ஷெட் இருக்கிறது. நண்பர் ஒருவர் கிராஃப்ட் கம் செய்முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். 200 லிட்டர் டிரம், கீழே சூடு, மேலே கலக்கி, அவ்வளவுதான் என்கிறார். ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு மத்தியானம் கரண்ட் போய் கன்டென்சருக்கு வரும் தண்ணீர் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள், 85 டிகிரியில் நின்றுகொண்டிருந்த பாத்திரம் கொதிக்க ஆரம்பித்தது, மேல் மூடி வழியாக டொலுயீன் ஆவி வெளியேறியது. எங்கேயும் தீப்பொறி இல்லாததால் நாங்கள் நான்கு பேர் வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான் காரணம். இந்த வினை வெப்பத்தை வெளியே விடும் வினை. சங்கிலி வளர வளரக் கரைசல் கெட்டியாகிறது, கெட்டியானால் வினை நிற்பது கஷ்டம், அதனால் வேகம் தானாகவே ஏறும், கெட்டியான திரவம் சூட்டையும் வெளியே விடாது. கீழே அடுப்பை அணைத்துவிட்டால் நின்றுவிடும் என்று உங்கள் நண்பர் நினைக்கிறார் போலிருக்கிறது. நிற்காது.

டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும், உங்கள் ஊர் வெயில் காலத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பென்சாயில் பெராக்சைடு காய்ந்த பொடியாக இருந்தால் உரசலிலேயே வெடிக்கலாம், அதனால்தான் கால் பங்கு தண்ணீரோடு ஈரமாக விற்கிறார்கள், அதைப் போய் "காய வைத்துப் போடு" என்று செய்முறையில் எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஜாக்கெட் உள்ள ரியாக்டர், ரிஃப்ளக்ஸ் கன்டென்சர், மாற்றுக் கரண்ட், நைட்ரஜன், தீப்பொறி விடாத மோட்டார், எர்த்திங், வினையை நிறுத்தும் ஹைட்ரோகுயினோன் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில், தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, கரைப்பான் சேமிப்பு அனுமதிகள், ஒரு வேதியியலாளர். இவ்வளவும் இருந்தால் அது ஷெட் இல்லை, தொழிற்சாலை. இந்தத் தொழிலில்தான் ஆசை என்றால், தயாரித்த கம்மை வாங்கி, பர்கூர், ஓசூர் கம்பெனிகளுக்கு விற்று, கூடவே ஒட்டை உரித்து இழுத்துப் பார்க்கும் பீல் சோதனை மெஷின் ஒன்று வைத்து எந்த சோலுக்கு எது என்று சோதித்துக் கொடுங்கள். சோதித்துக் கொடுக்கிற விற்பனையாளருக்கு இங்கே நல்ல தேவை இருக்கிறது.

*

கேள்வி: பாலக்கோட்டில் பள்ளி ஆசிரியர். செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்று பாடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்தும் ரப்பர் செய்யலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா? பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது எளிய சோதனை உண்டா?

பதில்: பெரியவர் சொன்னது உண்மை. மொலாசஸைப் புளிக்க வைத்தால் ஆல்கஹால், ஆல்கஹாலை வினையூக்கியின் மேல் சூடாக்கி விட்டால் பியூட்டாடையீன், அதுதான் எஸ்.பி.ஆருக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் அடிமரம். ரஷ்யாவில் லெபெடெவ் கண்ட இந்த வழியில் 1932லேயே ஆலைகள் ஓடின. நம் நாட்டின் முதல் செயற்கை ரப்பர் ஆலையும், உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் 1963ல் தொடங்கியது, ஆல்கஹாலை நம்பித்தான் ஆரம்பித்தது. பெட்ரோலிய வழி மலிவாகிவிட்டதால் இப்போது பெரும்பாலும் நாஃப்தாவைப் பிளக்கும்போது வரும் வாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள், அரியானாவில் பானிபட் ஆலை அப்படித்தான். உங்கள் பிள்ளைகளில் பலர் கரும்பு விவசாயிகள் வீட்டுக் குழந்தைகளாக இருப்பார்கள், இந்தக் கதையை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சோதனைக்கு, ஓசூரில் தெரிந்த மோல்டிங் யூனிட்டில் கலர் சேர்க்காத ஏ.பி.எஸ். குருணை ஒரு கைப்பிடியும், அக்ரிலிக் ஷீட் வெட்டுகிற கடையில் ஒளி ஊடுருவும் துண்டு கொஞ்சமும் வாங்குங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி, ஒன்றில் நாலைந்து குருணை, இன்னொன்றில் அக்ரிலிக் துண்டுகள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் விளக்கோ அடுப்போ இல்லாமல், நீங்களே ஊற்றுங்கள், பிள்ளைகள் குலுக்க வேண்டாம். மறுநாள் அக்ரிலிக் பாட்டில் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஏ.பி.எஸ். பாட்டில் பால் போல வெளுத்திருக்கும், ஒரு வாரம் வைத்தாலும் தெளியாது. பிளாஸ்டிக் கரைந்துவிட்டது, கிளை வாங்கிய ரப்பர் துகள்கள் கரைய முடியாமல் மிதக்கின்றன, கிளைகள் சுற்றிலும் விரிந்து நிற்பதால் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் உட்காரவும் மாட்டேன் என்கின்றன. பாட்டிலுக்குப் பின்னால் ஒரு எழுதிய காகிதத்தைப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், இதில் படிக்க முடிகிறது, அதில் ஏன் முடியவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.